பழைய பைக்கில் பேட்டரி கொதிக்கிறதா? ரெகுலேட்டர் வாங்கும் முன் இதைப் பாருங்கள்

காலையில் வெம்பக்கோட்டையிலிருந்து சிவகாசி, சாத்தூர் ரோட்டில் வேலைக்குப் போகிற வண்டிகளைப் பாருங்கள். 1985-ல் வந்த சி.டி.100, 1994-ல் வந்த ஸ்ப்ளெண்டர், 1996-லேயே தயாரிப்பு நின்றுபோன ஆர்.எக்ஸ்.100 எல்லாம் இன்றைக்கும் ஆளையும் டிபன் கேரியரையும் சுமந்துகொண்டு ஓடுகின்றன. எஞ்சினில் ஒரு குறையும் இருக்காது. ஆனால் பல்பு நிற்காது, பேட்டரி தண்ணி நிற்காது, வருஷத்துக்கு ஒரு பேட்டரி கேட்கும். காரணம் பெரும்பாலும் ஓவர் சார்ஜ். கடைக்குப் போனால் முதலில் ரெகுலேட்டரைத்தான் மாற்றச் சொல்வார்கள். அதற்கு முன் வீட்டு வாசலிலேயே அரை மணி நேரத்தில் பார்க்கக் கூடியவை நிறைய இருக்கின்றன. பல வண்டிகளில் அரை மீட்டர் ஒயரோடு வேலை முடிந்துவிடும்.

1. ஆக்சிலேட்டரை முறுக்கும்போது வெளிச்சம் கண்ணைக் கூசுகிறதா? ஹார்ன் கீச்சென்று மாறுகிறதா? பல்பு மாதம் ஒன்று பீஸ் போகிறதா? பல்பு கம்பெனியைத் திட்டுவதற்கு முன், கழற்றிய பல்பை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உள்ளே கண்ணாடி கறுத்து, இழை உருகிக் குமிழ் கட்டியிருந்தால் வோல்ட் அதிகம் போயிருக்கிறது. கண்ணாடி தெளிவாக இருந்து இழை மட்டும் அறுந்திருந்தால் நம்ம ரோட்டுக் குலுக்கலாகவும் இருக்கலாம்.

2. சைட் கவரைத் திறந்ததும் அழுகின முட்டை வாடை அடித்தால் பேட்டரி கொதிக்கிறது என்று அர்த்தம். டெர்மினலில் வெள்ளையாகப் பூத்திருப்பது, பேட்டரி பெட்டிக்குக் கீழே பெயிண்ட் உரிந்திருப்பது, ஓடி வந்து நிறுத்தியதும் பேட்டரி கையைச் சுடுவது எல்லாமே அதோடு சேர்ந்த அடையாளங்கள்தான்.

3. தண்ணி ஊற்றும் பேட்டரியில் 6 அறைகளையும் ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். எல்லா அறையிலும் ஒரே அளவாக இறங்கியிருந்தால் ஓவர் சார்ஜைச் சந்தேகிக்கலாம். ஒரே ஓர் அறை மட்டும் காய்ந்திருந்தால் அந்த அறை கெட்டிருக்கிறது, அல்லது அடியில் விரிசல் விட்டிருக்கிறது. இந்த ஒரு பார்வை ஒரு ரெகுலேட்டர் காசை மிச்சம் பண்ணிவிடும்.

4. ஒரு சின்ன டிஜிட்டல் மீட்டர் வீட்டில் இருக்கட்டும். எலக்ட்ரிக்கல் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், மிக்ஸி, மோட்டார், டார்ச் எல்லாவற்றுக்கும் உதவும். மீட்டருக்குள் இருக்கிற 9 வோல்ட் பேட்டரி தீரும் நிலையில் இருந்தால் எதை அளந்தாலும் கூட்டிக் காட்டும். அதனால் அளவு அதிகமாக வந்தால் முதலில் அதை மாற்றிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.

5. முதல் அளவு காலையில், வண்டியை ஸ்டார்ட் பண்ணும் முன். மீட்டரை டி.சி. 20-ல் வைத்து, பேட்டரியின் ஈயக் காதிலேயே ஊசியை வையுங்கள், ஒயர் நுனியில் வேண்டாம். 12.6-க்கு மேல் நல்ல நிறைவு, 12.4 முக்கால் வாசி, 12-க்குக் கீழே காலி. 10.5 பக்கம் நின்றால் ஓர் அறை செத்துவிட்டது. ஓர் அறைக்கு 2.1 வோல்ட், அது கழிந்த கணக்கு அது.

6. இரண்டாவது அளவு எஞ்சின் ஓடும்போது. சும்மா நிற்கும் வேகத்தில் 13-க்கு முன்னே பின்னே இருக்கும். மெதுவாக ஆக்சிலேட்டரைக் கூட்டினால் 14, 14.5 வரை ஏறி அங்கேயே நின்றுவிட வேண்டும். மேல்தொட்டியில் பந்து வால்வு செய்கிற வேலைதான் ரெகுலேட்டர் செய்வது. அளவு வந்ததும் நிறுத்த வேண்டும். முறுக்க முறுக்க 15-ஐத் தாண்டி 16, 17 என்று போய்க்கொண்டே இருந்தால் நிறுத்துகிற வேலை நடக்கவில்லை.

7. இந்தச் சோதனையை நிறைந்த பேட்டரியில்தான் செய்ய வேண்டும். காலி பேட்டரி வருகிற கரண்டையெல்லாம் குடித்து வோல்ட்டை இறக்கிக் காட்டும், கோளாறு மறைந்துவிடும்.

8. பேட்டரியே குற்றவாளியாக இருக்கலாம். ஓர் அறை செத்த பேட்டரி எவ்வளவு சார்ஜ் ஏறினாலும் நிறைந்த கணக்குக்கு வராது. ரெகுலேட்டரும் விடாமல் தள்ளிக்கொண்டே இருக்கும், மீதி 5 அறையும் கொதிக்கும். மாதக்கணக்கில் நின்று உப்புக் கட்டிப்போன பேட்டரி இதற்கு நேர்மாறு. கரண்டை வாங்கவே மாட்டாது, அதனால் மீட்டரில் வோல்ட் சட்டென்று உயர்ந்து ஓவர் சார்ஜ் போலவே காட்டும்.

9. அதனால் பக்கத்து வீட்டில் அதே அளவு நல்ல பேட்டரி இருந்தால் பத்து நிமிஷம் கேட்டு வாங்கி மாட்டி, மறுபடி அளந்து பாருங்கள். 14.5-ல் நின்றால் உங்கள் பேட்டரிதான் போயிருக்கிறது, வேறெதையும் தொட வேண்டாம். எஞ்சினை அணைத்துவிட்டு, கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில்.

10. பேட்டரி நல்லதென்றால் அடுத்தது எர்த். பழைய வண்டியில் அதிகம் ஏமாற்றுவது இதுதான், கொஞ்சம் நின்று பாருங்கள். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது மீட்டரின் கறுப்பு ஊசியைப் பேட்டரி மைனஸிலும், சிவப்பு ஊசியை ரெகுலேட்டரின் எர்த் ஒயர் நுனியிலும் வையுங்கள்; பாடியே எர்த் ஆக இருக்கிற வண்டியில் ரெகுலேட்டர் பாடியில் வையுங்கள். ஆக்சிலேட்டரைக் கூட்டினாலும் 0.2 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று வந்தால் எர்த் வழியில் துரு உட்கார்ந்திருக்கிறது. அந்தத் துரு தின்கிற வோல்ட் ரெகுலேட்டரின் கண்ணுக்குத் தெரியாது. பேட்டரிக்கு இன்னும் போதவில்லை என்று நினைத்து அது கூடுதலாகத் தள்ளும்.

11. எர்த்தைச் சரி செய்ய உப்புத்தாள் போதும். எர்த் போல்ட்டைக் கழற்றி, சேஸிஸில் அது உட்காரும் இடத்தைப் பளபளவென்று உலோகம் தெரியும்வரை தேயுங்கள். பல் வாஷர் போட்டு இறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். மறுபடி பெயிண்ட் அடித்த வண்டிகளில் இது கட்டாயம், பெயிண்டர் போல்ட்டுக்கு அடியிலும் சேர்த்து அடித்திருப்பார்.

12. இன்னும் உறுதி வேண்டுமென்றால் ரெகுலேட்டர் எர்த்திலிருந்து பேட்டரி மைனஸ் வரை கெட்டியான தனி ஒயர் ஒன்று இழுத்துவிடுங்கள். பழைய ஒயரை வெட்ட வேண்டாம், இது கூடுதல் பாதை. டீக்கடையில் இரண்டு பேருக்கு ஆகிற செலவுதான்.

13. சில வண்டிகளில் சாவி வழியாக வந்து பேட்டரி நிலவரத்தை ரெகுலேட்டருக்குச் சொல்லும் ஒயர் ஒன்று தனியாக இருக்கும். சாவி சுவிட்சுக்குள் கரி பிடித்திருந்தால் அந்த ஒயரில் வோல்ட் குறைந்து போய்ச் சேரும், பேட்டரி காலி என்று நினைத்து ரெகுலேட்டர் அள்ளிக் கொடுக்கும். சாவியைப் போட்டு, பேட்டரி பிளஸுக்கும் அந்த ஒயர் நுனிக்கும் நடுவே அளந்து பாருங்கள். 0.2-க்கு மேல் வித்தியாசம் இருந்தால் சாவி சுவிட்சிலும் கப்ளரிலும் கான்டாக்ட் கிளீனர் அடித்தாலே சரியாக வாய்ப்புண்டு.

14. கப்ளர்களைப் பிரித்துப் பாருங்கள். பித்தளை பச்சை பூத்திருந்தாலோ, வெள்ளைப் பிளாஸ்டிக் பழுப்பேறி உருகியிருந்தாலோ அந்த இடம் சூடாகிறது. கரிசல் தூசி உள்ளே போய் மழை ஈரத்தில் அப்பிக்கொள்வதும் நம்ம ஊரில் சகஜம். பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, தளர்ந்த பின்னைக் குறடால் லேசாக நெருக்கி மாட்டுங்கள்.

15. இவ்வளவும் சரியாக இருந்து வோல்ட் இன்னும் ஏறினால்தான் ரெகுலேட்டர் மேல் பழி போடலாம். சி.டி.100, பழைய ஸ்ப்ளெண்டர் வண்டிகளில் 4 பின் உள்ள அந்தச் சின்னப் பெட்டி இரண்டு வேலை பார்க்கிறது. ஹெட்லைட்டுக்குப் போகிற ஏ.சி.யை அளவாக வைத்திருக்கும், பேட்டரிக்கு டி.சி.யாக மாற்றியும் கொடுக்கும். ஹெட்லைட் பல்பு மட்டும் போய், பேட்டரி அளவு 14.5-ல் நின்றால் கோளாறு ஏ.சி. பக்கம். இரண்டும் சேர்ந்து ஏறினால் எர்த்தை இன்னொரு தடவை பார்த்துவிட்டுப் பெட்டியை மாற்றுங்கள்.

16. புது ரெகுலேட்டர் வாங்கப் போகும்போது பழையதைக் கையோடு எடுத்துப் போங்கள். கப்ளர் ஒன்று போலவே இருக்கும், உள்ளே பின் வரிசை மாறியிருக்கும். ஹோண்டா வழி வண்டிகளில் பச்சை எர்த், சிவப்பு பேட்டரி பிளஸ், வெள்ளை சார்ஜிங் காயில், மஞ்சள் லைட் காயில். யமஹாவில் கறுப்புதான் எர்த். ஏற்கெனவே யாராவது கைவைத்து ஒயர் நிறத்தை மாற்றியிருந்தால் நிறத்தை நம்பாதீர்கள், மீட்டரை நம்புங்கள்.

17. ரெகுலேட்டர் சூடாகத்தான் செய்யும், அந்தச் சூடு வெளியே போக வேண்டும். போல்ட் கிடைக்கவில்லை என்று கேபிள் டையால் கட்டித் தொங்கவிடுவது, மேலே துணியோ டூல் பையோ வைத்து அமுக்குவது இரண்டும் அதன் ஆயுளைக் குறைக்கும். உலோகத்தோடு ஒட்டி, காற்றுப் படுகிற மாதிரி மாட்டுங்கள்.

18. மேக்னட் காயில் கெட்டால் பொதுவாகச் சார்ஜ் குறையும், அதிகமாகாது. ஆனால் காயில் ரீவைண்டிங் பண்ணி வாங்கிய பிறகு ஓவர் சார்ஜ் ஆரம்பித்திருந்தால் சுற்று எண்ணிக்கையும் கம்பித் தடிமனும் மாறியிருக்கலாம். சுற்றிக் கொடுத்தவரிடமே போய்க் கேளுங்கள். ஹெட்லைட்டையும் பேட்டரியில் ஓடும்படி டி.சி. மாற்றம் செய்த வண்டியில் காயிலின் எர்த்தைப் பிரித்திருப்பார்கள், அதற்கு அதற்கென்றே உள்ள ரெகுலேட்டர்தான் வேண்டும்.

19. பல்பு வாட்டைக் குறைத்துப் போட்டால் கரண்ட் மிச்சம் என்ற கணக்கு பழைய வண்டியில் செல்லாது. 35 வாட் பல்பு தின்ன வேண்டியதை எல்.இ.டி. தின்னாமல் விட்டால், மீதியை ரெகுலேட்டர்தான் சூடாக விழுங்க வேண்டும். ஏ.சி. லைனில் எல்.இ.டி. மினுமினுக்கவும் செய்யும்.

20. எஞ்சின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றி, "ஓடுது பாரு, சார்ஜ் வருது" என்று சோதிப்பதை யார் செய்தாலும் தடுத்துவிடுங்கள். அதிர்ச்சியைத் தாங்கிக்கொண்டிருந்த பேட்டரி போனதும் வோல்ட் துள்ளும். பல்பு, பிளாஷர், ரெகுலேட்டர் எல்லாம் ஒரே நொடியில் போக வாய்ப்பு இருக்கிறது.

21. வழியில் ஓவர் சார்ஜ் தெரிந்து வீடு போய்ச் சேர வேண்டுமா? சி.டி.100, பழைய ஸ்ப்ளெண்டர், ஆர்.எக்ஸ்.100 மாதிரி எஞ்சின் தீப்பொறிக்குப் பேட்டரி தேவைப்படாத வண்டியென்றால், எஞ்சினை அணைத்து ரெகுலேட்டர் கப்ளரைப் பிரித்து, காயில் பக்க நுனியை டேப் சுற்றிக் கட்டிவிடுங்கள். ஹார்ன், இண்டிகேட்டர் பேட்டரியில் ஓடும். பகலில் மட்டும், லைட் சுவிட்சைப் போடாமல் வாருங்கள். போட்டால் கட்டுப்பாடில்லாத ஏ.சி. பாய்ந்து பல்பு உடனே போய்விடும். பாயிண்ட் வைத்த பழைய புல்லட்டில் தீப்பொறியே பேட்டரியிலிருந்துதான் வருகிறது, பேட்டரி தாங்குகிற சில கிலோமீட்டர்தான் கணக்கு.

22. பழைய ராஜ்தூத், யெஸ்டி, அந்தக் காலத்துப் புல்லட் என்று 6 வோல்ட் வண்டி வைத்திருப்பவர்கள் மேலே சொன்ன அளவுகளைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள். ஓய்வில் 6.3, ஓட்டத்தில் 7.2 பக்கம். 7.5-ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும்.

23. தண்ணி ஊற்றுகிற தொல்லை வேண்டாம் என்று மூடின பேட்டரிக்கு மாறுகிறவர்கள் முதலில் சார்ஜ் அளவைச் சரி செய்துவிட்டு மாறுங்கள். ஓவர் சார்ஜில் அதற்குள் இருக்கிற ஈரம் போனால் திரும்ப ஊற்ற வழியில்லை. பக்கவாட்டில் உப்பிவிட்டால் அதோடு முடிந்தது.

24. பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டும். நம்ம பக்கத்து போர் தண்ணியின் உப்பு குடத்தில் படிகிற மாதிரியே தகட்டிலும் படியும். கேன் தண்ணி, ஏ.சி. மெஷினில் சொட்டுகிற தண்ணி எதுவும் அதற்கு ஈடில்லை.

25. தண்ணி குறைந்தால் தண்ணிதான் ஊற்ற வேண்டும், ஆசிட் கூடாது. கொதிக்கும்போது போவது தண்ணி, ஆசிட் உள்ளேயேதான் இருக்கிறது. தகடு வெளியே தெரிந்தால் அது மூழ்கும் அளவு மட்டும் ஊற்றி, சார்ஜ் ஏற்றிய பிறகு மேல்கோடு வரை நிரப்புங்கள். முதலிலேயே நிரப்பினால் வழிந்து சேஸிஸைத் தின்னும்.

26. டெர்மினலில் பூத்த பூவுக்கு ஆப்ப சோடா அருமையான மருந்து. ஒரு டம்ளர் தண்ணியில் ஒரு ஸ்பூன் கரைத்து, மூடிகள் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பிரஷ்ஷால் தொட்டுத் தேயுங்கள். நுரைத்து அடங்கியதும் நல்ல தண்ணியில் கழுவித் துடைத்து வாஸ்லின் பூசுங்கள். சோடா தண்ணி அறைக்குள் ஒரு சொட்டும் போகக் கூடாது.

27. பேட்டரியின் பக்கத்தில் இருக்கிற மெல்லிய குழாய் மடங்காமல், செயினுக்கும் சைலன்சருக்கும் எட்டாமல் கீழே வரை தொங்க வேண்டும். குழாய் அடைத்துக்கொண்டால் வாயு வெளியேற முடியாமல் பேட்டரி வெடிக்கவும் கூடும்.

28. நம்ம ஊர்க்காரர்கள் இதை மட்டும் இரண்டு தடவை படியுங்கள். கொதிக்கிற பேட்டரியிலிருந்து வருவது ஹைட்ரஜன். காற்றில் 4 சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கும், மூடின அறையில் கூரையடியில் போய்ச் சேரும். ஸ்பேனர் டெர்மினலில் உரசுகிற ஒரு பொறி போதும். பட்டாசு ஆலை, மருந்து கலக்கிற ஷெட், தீப்பெட்டி ஆபீஸ், சரக்கு வைத்த குடோன் எதன் வாசலிலும் பேட்டரி வேலை வேண்டாம். வேலை நேரத்தில் வண்டி மக்கர் பண்ணினால் ஆலைக்கு வெளியே தூரம் தள்ளிக்கொண்டு போய்ப் பாருங்கள். ஓவர் சார்ஜ் என்று சந்தேகம் வந்த வண்டியைச் சரி செய்யும்வரை வேலைக்கு எடுத்துப் போகாமல் இருப்பது இன்னும் நல்லது, அந்த ஒரு நாள் பஸ் இருக்கிறது.

29. அதைவிட முக்கியம், பேட்டரி ஆசிட்டும் தீப்பெட்டி மருந்தும் சந்திக்கக் கூடாது. குச்சி மருந்தில் இருக்கிற பொட்டாசியம் குளோரேட்டில் கந்தக அமிலம் பட்டால் தீக்குச்சி உரசாமலே பற்றும். பேட்டரி தொட்ட துணியோடு வேலைக்குப் போகாதீர்கள், வேலைக்குப் போட்ட துணியோடு பேட்டரியைத் தொடாதீர்கள். இரண்டையும் ஒரே வாளியில் ஊறவைக்கவும் வேண்டாம். கையில் ஆசிட் பட்டால் குழாயடியில் நிறையத் தண்ணி விட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் பதினைந்து நிமிஷமாவது விடாமல் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

30. வீட்டில் தனியாகச் சார்ஜ் போடுகிறவர்கள் பேட்டரி அளவில் பத்தில் ஒரு பங்கு கரண்ட்டை மனதில் வையுங்கள். பழைய ஸ்ப்ளெண்டரின் 2.5 ஆம்பியர்-ஹவர் பேட்டரிக்கு 0.25 ஆம்பியர் போதும். கார் சார்ஜரில் ஒரு மணி நேரத்தில் ஏற்றினால் அதுவே ஓர் ஓவர் சார்ஜ்.

31. பீஸ் போனால் அதே ஆம்பியர் பீஸ்தான். ஈயத் தாள், செம்புக் கம்பி சுற்றினால் பீஸ் காப்பாற்ற வேண்டிய ஒயர் கட்டு முழுக்க எரியும்.

32. அக்னி நட்சத்திர நாட்களில் தண்ணி மட்டத்தை மாதம் இரண்டு தடவை பாருங்கள். சூடான பேட்டரிக்கு அதே 14.5 கூடக் கொஞ்சம் அதிகம்தான். ஆலைக்கு வெளியே நிறுத்தும்போது பேட்டரி பக்கம் வெயில் படாமல், வேப்ப மர நிழல் பார்த்து நிறுத்துங்கள்.

33. 15 வருஷம் முடிந்த வண்டிக்கு ஆர்.சி. புதுப்பிக்கப் போகும்போது லைட், ஹார்ன், இண்டிகேட்டர், பிரேக் லைட் எல்லாம் எரிய வேண்டும். பல்பு வாங்கி மாட்டும் முன் சார்ஜ் அளவைச் சரி செய்யுங்கள். இல்லையென்றால் ஆர்.டி.ஓ. ஆபீஸ் போய்ச் சேர்வதற்குள் புதுப் பல்பும் போயிருக்கும்.

34. சைட் கவரின் உட்பக்கம் பெயிண்ட் மார்க்கரால் தேதி, ஓய்வு வோல்ட், ஓட்ட வோல்ட் எழுதிவையுங்கள். ஆறு மாதம் கழித்து 14.3 இருந்தது 14.9 ஆகியிருந்தால், பல்பு போகும் முன்பே எர்த்தைத் தேய்த்துவிடலாம். மெக்கானிக்கிடம் போனாலும் அந்த எழுத்தைக் காட்டினால் பாதி நேரம் மிச்சம்.

35. பழைய பேட்டரியைக் கொடுத்தால் கடையில் விலையில் கழித்துக்கொள்வார்கள், கேட்டு வாங்குங்கள். ஈயத்துக்காக வீட்டில் உடைப்பது, ஆசிட்டை ஓடையில் கொட்டுவது இரண்டும் வேண்டாம். அட்டைப் பெட்டியில் நிமிர்த்தி வைத்து, சாயாமல் பிடித்து எடுத்துப் போங்கள்.